நடுவில் இருந்த வரைபடம்

ஊருக்கெல்லாம் வீடு வரைந்து கொடுக்கும் ஆர்க்கிடெக்ட் நான். ஆனால் என் சொந்த ஃபிளாட்டில் எனக்கென்று ஒரு மேஜை போட இடமில்லை. பத்து வருஷமாகச் சாப்பாட்டு மேஜையில்தான் கட்டிடம் எழுப்புகிறேன். ஒரு தடவை காபி கொட்டி ஏழு மாடிக் கட்டிடத்தில் நாலாவது மாடி வரை வெள்ளம்.

ஆகவே ஃபிளாட்டைப் புதுப்பிக்கும்போது, ஜன்னல் வைத்த அந்தச் சின்ன அறை எனக்கே என்று சபதம் எடுத்தேன்.

எங்கள் தொழிலில் ஒரு தந்திரம் உண்டு. வாடிக்கையாளரிடம் ஒரே ஒரு வரைபடம் காட்டினால் நூறு குறை சொல்வார். மூன்று காட்ட வேண்டும். முதலாவதும் மூன்றாவதும் வேண்டுமென்றே சொதப்பல். நடுவில் இருப்பதுதான் நமக்கு வேண்டியது. மனிதர் பாய்ந்து அதைத் தொடுவார். "நீங்களே தேர்ந்தெடுத்தது சார், பின்னாடி என்னைக் குறை சொல்லக் கூடாது" என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்து, மனைவியிடம் அதைச் சொல்லிச் சிரிப்பேன். அவளும் சிரிப்பாள்.

அதே மாதிரி மூன்று வரைபடங்களை அவள் முன் விரித்தேன். முதலாவதில் கழிவறைக் கதவு சாப்பாட்டு மேஜையைப் பார்த்துத் திறந்தது. நடுவில் இருந்ததில் சின்ன அறை எனக்கு. மூன்றாவதில் சமையலறை அந்த அறையை விழுங்கிவிட்டு, ஓட்டப்பந்தயம் நடத்தும் நீளத்துக்குப் போனது.

அவள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தாள்.

"மூணாவதுதாங்க!"

நான் அவசரமாக மூன்றாவதன் மேல் விரலை வைத்தேன்.

"நல்லாப் பாரும்மா. அடுப்பு இங்க, சிங்க் அங்க. ஒரு காபி போடறதுக்குள்ள கால் ஓஞ்சுடும். உனக்கு முழங்கால் வலி வேற."

"டாக்டர் நடக்கத்தானே சொல்லியிருக்கார்?"

"ஹால்ல வெளிச்சமே வராதும்மா!"

"வெளிச்சம் வராத ஹாலையா வரைஞ்சீங்க? இருபது வருஷ அனுபவம்னு போர்டு மாட்டியிருக்கீங்களே?"

"அது... சும்மா ஒரு யோசனைக்கு..."

"ஊரான் வீட்டுக்கு ஒழுங்கா வரைவீங்க, எனக்குன்னா சும்மாவா?"

வேண்டுமென்றே தப்பாக வரைந்தேன் என்றால் நான் ஏமாற்றுக்காரன். தெரியாமல் வரைந்தேன் என்றால் மக்கு. எந்தப் பட்டம் தேவலை என்று யோசிப்பதற்குள் அவள் மேஸ்திரிக்கு போன் போட்டுவிட்டாள்.

மேஸ்திரி வந்து வரைபடத்தையும், பழக்கதோஷத்தில் அதன் மூலையில் நான் போட்டிருந்த கையெழுத்தையும் பார்த்தார். "சாரே கையெழுத்துப் போட்டுட்டாரு, அப்புறம் என்ன?" என்று சம்மட்டியை ஓங்கினார்.

எத்தனையோ சுவர்களை இடிக்கச் சொன்னவன் நான். ஒன்றுக்கும் கண் கலங்கியதில்லை. அன்று கலங்கியது. தூசி என்று சொல்லிச் சமாளித்தேன். என் ஜன்னலோரத்தில் இப்போது மிக்ஸி உட்கார்ந்து காற்று வாங்குகிறது.

"அப்ப நான் எங்கதான் போறது?" என்றேன், அழாத குறையாக.

அவளுக்கு இரக்கம் வந்துவிட்டது. "உங்களை அப்படியே விட்டுருவேனா? உங்க மேஜைக்கு மூணு இடம் பார்த்து வச்சிருக்கேன். ஒண்ணு, கழிவறை வாசல். ரெண்டாவது, பால்கனியில வாஷிங் மெஷின் பக்கம். மூணாவது, வெளிய லிஃப்டுக்கு எதிர்ல."

"ரெண்டாவது! ரெண்டாவதுதான்!" என்று கத்தினேன். போன உயிர் திரும்பி வந்தது போல இருந்தது.

அவள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள்.

"நீங்களே தேர்ந்தெடுத்ததுங்க. பின்னாடி என்னைக் குறை சொல்லக் கூடாது."