அப்பாவை நான் தள்ளிவிடவில்லை

ஓஸ்டர்முண்டிகன்,
ஞாயிறு காலை

மரியாதைக்குரிய வரதராசா மாமாவுக்கு,

இல்லை மாமா, நான் அப்பாவை மலையிலிருந்து தள்ளிவிடவில்லை. அம்மா உங்களுக்குப் போனில் அப்படிச் சொல்லியிருந்தால் அது பதற்றத்தில் சொன்னது. அவர் தானாகத்தான் போனார். நிற்பாட்ட முடியாமல் போனார் என்பது வேறு கதை, அதைத்தான் எழுதப் போகிறேன். போனில் கதைத்தால் நான் தப்பிவிடுவேன், எழுதி அனுப்பு, அதுவும் தமிழில் எழுது என்று சொன்னீர்கள். சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் பிள்ளைகளை உருட்டுகிற பழக்கம் உங்களை விடாது. நீங்களும் மாமியும் வில் நகரத்தில் சுகமாக இருப்பீர்கள் என்று நினைக்கிறேன். இங்கே எல்லோரும் சுகம், அப்பாவின் இடது முழங்காலைத் தவிர.

முதலில் இது விளையாட்டுக்குப் போன பயணம் இல்லை. மின்வேலை பழகப் போய் பாதியில் விட்டேன், பிறகு கடையில் பழகப் போய் அதையும் விட்டேன், அது உங்களுக்குத் தெரியும், குடும்பத்தில் தெரியாதவர்கள் இல்லை. அதனால்தான் நீங்கள் உங்கட தொழிற்சாலையில் எனக்கு ஒரு இடம் சொல்லி வைத்திருக்கிறீர்கள். நன்றி. ஆனால் காட்டுக்குள் மலைச் சைக்கிள் ஓடுகிற பாதைகள் இருக்கே, நான் ஒவ்வொரு கிழமையும் போகிற இடம், அதை நடத்துகிற பிரிஸ்கா என்ற மனிசிக்கு ஒரு ஆள் தேவைப்பட்டது. சைக்கிள் திருத்தவும், புதிதாக வருகிறவர்களுக்கு ஓடப் பழக்கவும். நான் கேட்டேன். அவ சொன்னா, "நீ ஓடுவாய், அது எனக்குத் தெரியும். ஓடத் தெரியாத ஒருத்தரைக் கூட்டிக்கொண்டு வா. ஒரு நாள் பழக்கு. பின்னேரம் அந்த ஆள் திரும்பவும் வர ஆசைப்பட வேணும். அப்படியெண்டால் வேலை உனக்கு."

என் சினேகிதப் பெடியள் எல்லோருக்கும் ஓடத் தெரியும். தங்கச்சி யதுஷாவைக் கேட்டேன், சோதனைக்குப் படிக்க வேண்டும் என்றாள். மிஞ்சியது அப்பா. எதற்கும் ஆசைப்படாத மனிசன் மாமா அவர். சுவிஸ் பாஸ்போர்ட் கையில் கிடைத்த அன்று வீடே துள்ளியது, அவர் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு "பரவாயில்லை" என்றார். அந்த வாயிலிருந்து ஆசை வர வேண்டும் என்பதுதான் எனக்கு வந்த சோதனை.

சைக்கிள் ஓட இரண்டு பேர் போவது என்றுதான் திட்டம். அம்மா விடவில்லை. "வெளிக்கிடுறதெண்டால் எல்லாரும்தான்" என்று விடியவே வடை சுட்டு, இடியப்பப் புரியாணி கட்டி, கூல் பாக்ஸ் ஒன்று, பாய் ஒன்று, பிளாஸ்க் இரண்டு. புத்தகத்தோடு யதுஷாவும் வந்தாள். ரெயினில் எங்களைப் பார்த்த ஒரு கிழவர், எங்கே வீடு மாறுகிறீர்கள் என்று கேட்டார்.

ஒரு நாளை முழுசாக அனுபவிக்க வேண்டும் என்றால் அதற்கு முறை இருக்கு மாமா. நேரத்துக்குப் போக வேண்டும். போனவுடன் மேலே ஏறக் கூடாது, கீழே சின்ன மண்மேடுகள் போட்டு வைத்திருக்கிறார்கள், அதில் உடம்பைப் பழக்க வேண்டும். சீட்டில் இருக்காமல் மிதியில் எழும்பி நின்று, முழங்காலைக் கொஞ்சம் மடித்து, போக வேண்டிய இடத்தைப் பார்க்க வேண்டும். மரத்தைப் பார்த்தால் சைக்கிள் மரத்துக்குத்தான் போகும். பிறகு லேசான நீலப் பாதையில் முதல் தடவை மெதுவாக, ஒவ்வொரு வளைவிலும் நின்று பார்த்து. இரண்டாம் தடவை நிற்காமல். பசிக்க முதல் சாப்பாடு. காலில் இன்னும் பலம் இருக்கும்போதே வீட்டுக்கு. "கடைசியா ஒரு தரம்" என்று போகிறவன்தான் தோள் எலும்பை உடைத்துக்கொண்டு வருவான். அப்பாவை மண்மேட்டில் நன்றாகப் பழக்கினேன். பிரேக்கும் அப்போது நன்றாகத்தான் பிடித்தது. பிரிஸ்கா ஜன்னலால் பார்த்துக்கொண்டு நின்றா. எல்லாம் சரியாகப் போனது.

மேலே ஏற்றுகிற வானுக்குப் போக வெளிக்கிட, அம்மா மறித்தா.

"இவ்வளவு நேரமும் ஓடினது பூசை வைக்காத சைக்கிளோ?"

"அம்மா, இது வாடகைச் சைக்கிள்."

"வாடகை வீட்டுக்குப் பால் காய்ச்சினனாங்கள்தானே?"

நான் முழங்கால் காப்பு வாங்க உள்ளே போய்விட்டேன். வரும்போது அப்பா இரண்டு எலுமிச்சம்பழத்தின் மேல் சில்லை உருட்டி முடித்திருந்தார். பிரிஸ்கா வெளியே வந்து நசிந்த பழத்தைப் பார்த்து, "இது டயர் வழுக்காமல் இருக்கவோ?" என்று கேட்டா. ஓம் என்றேன். விளங்கப்படுத்த நேரம் இல்லை மாமா. கைபிடியில் ஒரு சந்தனப் பொட்டு இருந்தது, அதைக் கண்டேன். மற்றதைக் காணவில்லை.

மேலே வான் இறக்கிவிட்டது. அப்பா பிரேக்கை அமத்திப் பார்த்தார், கைக்கு இறுக்கமாகத்தான் இருந்தது. நான் முன்னால், அவர் பின்னால். முதல் வளைவு வரும்போது பின்னாலிருந்து மாடு கத்துகிற மாதிரி ஒரு சத்தம்.

"தம்பி, இது பிடிக்குதில்லை."

"ரெண்டு விரலால அமத்துங்கோ அப்பா."

"பத்து விரலாலயும் அமத்திப்போட்டன்ரா. விலத்து, விலத்து."

விலத்தினேன். அவர் என்னைத் தாண்டிப் போனார். சொல்லிக் கொடுத்த மாதிரியே எழும்பி நின்று, முழங்காலை மடித்து, நிமிர்ந்து. "மரத்தைப் பாக்காதேங்கோ" என்று கத்தினேன். "மரத்தைப் பாக்க எங்கயடா நேரம்" என்று கீழே இருந்து கேட்டது. வளைவுகளில் மண்ணைச் சரிவாக உயர்த்திக் கட்டியிருக்கிறார்கள், அதில் ஏறி இறங்கி, ஏறி இறங்கி, நான் இரண்டு வருடமாகப் பழகியும் பிரேக் பிடிக்காமல் எடுக்க வராத ஒரு வளைவை அந்த மனிசன் அப்படியே வழித்துக்கொண்டு போனார். நான் பின்னால் துரத்துகிறேன், பிடிக்க முடியவில்லை. என் வேலை போய்விட்டது என்று ஒரு நினைப்பு, அப்பா போய்விட்டார் என்று இன்னொரு நினைப்பு. எது முதலில் வந்தது என்று அம்மாவுக்குச் சொல்ல மாட்டேன்.

நல்ல காலத்துக்கு அந்தப் பாதை முடிகிற இடம் ஒரு ஏற்றம். அப்பா அதில் பாதி தூரம் ஏறினார், நின்றார், காலை ஊன்ற மறந்து பின்பக்கமாக இறங்கினார், எதிர்ச் சரிவில் ஏறினார், திரும்ப முன்னுக்கு வந்தார். ஊஞ்சல் மாதிரி ஆடி ஆடி, அவராகவே நின்றார். பாயில் இருந்த அம்மா எழும்பி ஓடி வந்தா.

"இஞ்சாருங்கோ, கால் கை இருக்கோ?"

"நீர் கொஞ்சம் பேசாமல் இரும்."

பிரிஸ்காவும் வந்தா. என்னைப் பார்க்கவில்லை, அப்பாவைப் பார்த்து எப்படி இருந்தது என்று கேட்டா. அப்பா யோசித்தார். பிறகு சொன்னார், "பரவாயில்லை."

என்ன சொன்னார் என்று பிரிஸ்கா யதுஷாவைக் கேட்க, அவள் புத்தகத்திலிருந்து தலையை எடுக்காமல், "மோசமில்லை என்கிறார்" என்றாள். முடிந்தது. உங்கட தொழிற்சாலைதான் என்று மனதில் வில்லுக்கு ரெயின் ஏறிவிட்டேன்.

பிரிஸ்கா குனிந்து முன்சில்லைப் பார்த்தா. சில்லின் நடுவில் பளபளவென்று வட்டமாக ஒரு இரும்புத் தட்டு இருக்கும் மாமா, பிரேக் கட்டை அதைத்தான் பிடிக்கும். ஒரு சொட்டு எண்ணெய் பட்டாலும் பிடிக்காது. அதில் மூன்று குறியும் நடுவில் பொட்டும். வடை பரிமாறின கையோடு குழைத்த சந்தனம். பின்சில்லிலும் அதே. முகர்ந்து பார்த்துவிட்டு, "யார் செய்தது?" என்று கேட்டா.

"நான்தான்" என்றா அம்மா, தனக்குத் தெரிந்த டொச் பாஷையில். "காருக்கெண்டால் முன்னுக்கு வைக்கலாம். இதுக்கு முகம் எது எண்டு தெரியேல்லை. இதுதான் வடிவா மினுங்கிச்சுது."

பிரிஸ்கா நிமிர்ந்து அம்மாவைப் பார்த்தா. பிறகு கைபிடிக்குக் கீழே உள்ள குழாயைத் தட்டிக் காட்டினா. "இங்கே வையுங்கள். இங்கே எவ்வளவும் வைக்கலாம்."

அம்மா உடனே சந்தனப் பேணியைத் திறந்தா.

நான் வெட்கத்தில் தட்டைத் துடைத்து, கட்டைகளைக் கழற்றிப் புதிதாகப் போட்டேன். பிரிஸ்கா பக்கத்தில் நின்று பார்த்தா. முடித்துத் திரும்பினால் அப்பாவைக் காணவில்லை. கழிவறையில் இல்லை, பாயில் இல்லை. வானுக்குள், சாரதிக்குப் பக்கத்துச் சீட்டில், ஹெல்மெட்டோடு இருந்தார்.

"என்னடா மினக்கெடுறாய்? ஆக்கள் நிரம்பினால் பிறகு இடம் கிடையாது."

பிரிஸ்கா சிரித்தா. "அடுத்த மாதம் முதலாம் திகதி வா" என்று எனக்குச் சொல்லிவிட்டுப் போய்விட்டா. அவ்வளவுதான் மாமா. இரண்டாம் தடவை பிரேக் பிடித்தது. கீழே வந்து அப்பா குறை சொன்னார், முதல் ஓடினதுதான் ஓட்டமாம், இது சும்மா உருட்டல்தானாம். முழங்கால் காயம் அதற்குப் பிறகு பட்டது. காப்பை எல்லாம் கழற்றிக் கொடுத்துவிட்டு வந்து, கூல் பாக்ஸ் தடக்கி விழுந்தார். இதுதான் நடந்தது.

ஆகவே தயவுசெய்து உங்கட தொழிற்சாலையில் சொல்லி வைத்த இடத்தை வேறு ஆருக்காவது கொடுக்கச் சொல்லுங்கோ. நான் வரமாட்டேன், எப்போதும் வரமாட்டேன். அம்மாவுக்கும் நீங்கள்தான் சொல்ல வேண்டும், அண்ணன் சொன்னால் கேட்பா. மாமிக்கும் சயன் மச்சானுக்கும் என் அன்பு. உங்கட கொலஸ்ட்ரோல் குறைய வேண்டுகிறேன்.

உங்கட மருமகன்
கோபிசன்

பி.கு: இதை ஒட்டப் போகும்போது யதுஷா கேட்டாள், "பனி விழுந்தால் உன்ர பாதை எங்க?" நான் யோசிக்கவே இல்லை. பிரிஸ்காவுக்குப் போன் அடித்துக் கேட்டேன். ஒக்டோபர் முடிய பூட்டு, திறக்கிறது ஏப்ரலில், அவவே குளிர்காலத்தில் வேறு இடத்தில்தான் வேலையாம். அதனால் மாமா, தொழிற்சாலையில் இப்ப ஒண்டும் சொல்லாதேங்கோ. பனிக்கு மட்டும் ஒரு ஆள் எடுப்பினமோ எண்டு கேட்டு வையுங்கோ, சயன் மச்சானின்ர அறையில ஒரு மெத்தை போட இடம் இருக்கோ எண்டும் பாருங்கோ. அப்பா நொண்டி நொண்டிக் கீழ போய் நிண்டு கூப்பிடுறார், ரெயினுக்கு நேரமாகுதாம், இண்டைக்கு நீலத்தை விடக் கஷ்டமான சிவப்புப் பாதையாம். நான் போகவேணும்