கொட்டாஞ்சேனைக்காரருக்காக நான் கழுவிய தரை

வெள்ளிக்கிழமை எனக்கு இருந்தது ஒரேயொரு வேலை. வெள்ளவத்தையில் இருக்கும் எங்கள் வீட்டு ஹோலின் தரையைக் கழுவ வேண்டும். காய்ந்ததும் டைல்ஸ் இடுக்குகளுக்குச் சீலர் பூச வேண்டும். அவ்வளவுதான்.

ஞாயிறன்று மகன் விரும்பும் பெண்ணின் பெற்றோர் கொட்டாஞ்சேனையிலிருந்து முதல்முறையாக வருகிறார்கள். அவர்கள் கத்தோலிக்கர், நாங்கள் சைவம். "வீட்டையும் ஆக்களையும் பார்த்துவிட்டு முடிவு சொல்கிறோம்" என்றாராம் பெண்ணின் அப்பா.

ஆக்களைப் பற்றி இனி ஒன்றும் செய்ய முடியாது. ஐம்பது தாண்டிய என்னை யார் திருத்துவது? வீட்டையாவது திருத்தலாம் என்று நினைத்தேன்.

டைல்ஸ் வெள்ளை. இடுக்குகளில் பூசிய கிரவுட்டும் ஒருகாலத்தில் வெள்ளைதான். இப்போது கட்டம் போட்ட கணக்குக் கொப்பி மாதிரி ஒரே கறுப்புக் கோடு.

"ஒரு பாஸைக் கூப்பிடுங்கோவன்" என்றாள் மனைவி. டைல்ஸ் வேலை செய்பவரைத்தான் சொன்னாள்.

"தரை கழுவவும் பாஸா? எனக்கென்ன கை இல்லையா?"

"கை இருக்கு. அதுதான் பயம்."

காலி வீதியில் ஹார்ட்வெயார்க் கடைக்காரர் ஒரு தூளும் ஒரு போத்தலும் தந்தார். "மஹத்தயா, தூள் கழுவ. போத்தல் கடைசியில பூச. கழுவினாப் பிறகு நல்லா தண்ணி ஊத்தணும். ரெண்டு மூணு தரம்!"

நான் தலையாட்டினேன். கேட்காமல் இருக்கும்போது நான் செய்வது அதைத்தான்.

முழங்காலில் நின்று கிரவுட் தேய்க்கும்போது மனிதனுக்கு யோசிக்க நேரம் கிடைக்கிறது. இத்தனை வருஷத்தில் எதைத்தான் ஒழுங்காகச் செய்தேன்? பதில் வருவதற்குள் பாதி ஹோல் முடிந்துவிட்டது.

தண்ணீர் ஊற்றும் நேரம் பார்த்து குழாயில் தண்ணீர் நின்றது. கையில் ஒரேயொரு வாளி. அதை ஊற்றித் துடைத்தேன். கோடுகள் பளிச்சென்று வெள்ளை! கண்ணுக்கு வெள்ளை என்றால் போதும்தானே? காயட்டும், நாளைக்குச் சீலர் என்று போய்ப் படுத்தேன்.

பின்னேரம் எழுந்து வந்தபோது ஹோல் முழுக்கச் சிவப்புக் கோடுகள்.

"ஐயோ! என்னப்பா ஊத்தினனீர்?" என்றேன் மனைவியிடம்.

"மஞ்சள் தண்ணி! வெள்ளிக்கிழமை நான் தெளிக்கிறதுதானே! நல்ல காரியமெண்டு இண்டைக்கு ஒரு செம்பு முழுக்கத் தெளிச்சனான். நீங்கள் என்னத்தைப் போட்டுக் கழுவினனீங்கள்?"

பதறிப்போய்த் தூளைக் கொட்டித் தேய்த்தேன். இன்னும் சிவந்தது.

வேலையால் வந்த மகன் வாசலிலேயே நின்றான்.

"ஆரையப்பா வெட்டினனீங்கள்?"

பிறகு குனிந்து பார்த்தான். "தூள் காரம் அப்பா, சுண்ணாம்பு மாதிரி. வடிவாக் கழுவேல்லை போல. ஆரத்தித் தட்டில மஞ்சளோட சுண்ணாம்பு சேர்த்தாச் சிவக்கும்தானே? அதுதான் இது."

எத்தனை கலியாணத்தில் ஆரத்தி பார்த்திருக்கிறேன்! எனக்கே எடுத்திருக்கிறார்கள். அது ஏன் சிவக்கிறது என்று ஒருநாளும் யோசித்ததில்லை. மற்றதையெல்லாம் மண்டை வெடிக்க யோசித்திருக்கிறேன்.

"காலமை தேசிக்காய்ப் புளி விட்டுத் துடைச்சாப் போகும். நான் பார்க்கிறன். நீங்கள் தொடாதேங்கோ" என்றான்.

காலையில் அவன் சந்தைக்குப் போனான். நான் தரையைப் பார்த்துக்கொண்டு இருந்தேன். என் பிழையைத் திருத்த என் பிள்ளை தேசிக்காய்க்கு அலைவதா? சீலர்ப் போத்தலை எடுத்து வாசித்தேன். 'கறைகளைத் தடுக்கும்' என்று போட்டிருந்தது. எனக்கும் அதுதானே தேவை?

பூசினேன். இரண்டு தரம் பூசினேன்.

மகன் வந்து தேசிக்காய் பிழிந்தான். தண்ணி சேம்பிலையில் விழுந்த மாதிரி உருண்டு ஓடியது. சிவப்பு அசையவில்லை.

சரக்கு நல்ல சரக்கு. கறையை உள்ளே விடாது என்று போட்டிருந்தார்கள். வெளியேயும் விடாது என்று போடவில்லை.

"மிச்சத் தேசிக்காயை நீங்களே கரைச்சுக் குடியுங்கோ. தலைக்கு நல்லது" என்றான் மகன்.

ஞாயிறு வந்தார்கள். வாசலில் செருப்பைக் கழற்றிய பெண்ணின் அப்பா, துறைமுகத்தில் வேலை பார்த்த பெரிய உருவம், கீழே பார்த்தபடி நின்றுவிட்டார். அவர் மனைவி ஒரு சிவப்புக் கோட்டிலும் கால் படாமல் கட்டம் கட்டமாகத் தாண்டி வந்து, காலைத் தூக்கிக்கொண்டு கதிரையில் உட்கார்ந்தார்.

மகனின் முகத்தை நான் பார்க்கவில்லை. பார்க்கத் தைரியம் இல்லை.

"இது... உங்க பக்கத்து வழக்கமா?" என்றார் பெண்ணின் அப்பா.

"ஓம்!" என்றாள் என் மனைவி, கண் சிமிட்டாமல். "நல்ல காரியத்துக்கு வாறவைக்கு ஆரத்தி எடுக்கிறது."

"ஆரத்தி எங்க பக்கமும் எடுப்பாங்க. ஆனா தட்டுல."

"இவருக்குத் தட்டுக் காணாதாம். தரைக்கே எடுத்திட்டார்."

"நாங்க வர்றோம்னா?"

உண்மையைச் சொல்ல வாயைத் திறந்தேன். மனைவி என் காலை மிதித்தாள்.

"ஓம், உங்களுக்காகத்தான்" என்றேன். அதுவும் பொய்யில்லையே.

அவர் குனிந்து விரலால் ஒரு கோட்டைச் சுரண்டிப் பார்த்தார். "போகாதா?"

"போகவே போகாது."

நிமிர்ந்தபோது அவர் கண் கலங்கியிருந்தது. "ஏய், பார்த்தியா?" என்றார் மனைவியிடம். "நம்ம புள்ள வர்ற வீட்டுல நமக்கே இவ்வளவு மரியாதை. இனி என்ன யோசிக்கிறது?" அவர் மனைவியும் காலை இறக்கிக் கோட்டின் மேலேயே வைத்தார். மகன் என்னைப் பார்த்துச் சிரித்தான்.

தேத்தண்ணி குடித்து முடிந்து, வாசலில் செருப்பு மாட்டும்போது அவர் என் தோளைப் பிடித்தார்.

"சம்மந்தி, கல்யாணத்துக்கு முன்னால எங்க வீட்டு ஹோலுக்கும் இதையே செஞ்சு தாங்க. எங்கடதும் கறுத்துப்போய்த்தான் கெடக்கு."

வரும் சனிக்கிழமை கொட்டாஞ்சேனைக்குப் போகிறேன். வாழ்க்கையில் முதல்முறையாக, ஒரு பிழையைப் பிழையில்லாமல் செய்ய வேண்டியிருக்கிறது.