ஒரு பானைப் புக்கைக்கு நீண்ட ஜெபம்

இருபது வயதில் என்னிடம் இரண்டு திறமைகள் இருந்தன. ஒன்று, இரண்டு கைகளையும் விட்டுவிட்டுச் சைக்கிள் ஓடுவது. மற்றது, கண்ணை மூடினால் கால் மணித்தியாலத்துக்குக் குறையாமல் ஜெபம் பண்ணுவது. முதலாவதில் என் முன்பல் ஒன்று போனது. இரண்டாவதில் இருபத்திமூன்று பிள்ளைகளின் சாப்பாடு போனது. பல்லைக் கட்டிக்கொண்டேன். மற்றதைத்தான் இங்கே சொல்லப்போகிறேன்.

எங்கள் சபையில் ஜெபத்தை எழுதி வைத்து வாசிப்பதில்லை. வாயில் வருவதைச் சொல்ல வேண்டும். (வராவிட்டாலும் சொல்ல வேண்டும்.) யாழ்ப்பாணத்தில் எங்கள் வாலிபர் கூட்டத்தில் நான் ஜெபிக்கத் தொடங்கினால் பெண்கள் பக்கத்தில் கைக்குட்டைகள் வெளியே வரும். கண்ணீர் துடைக்கிறார்கள் என்று நினைத்து நான் இன்னும் கொஞ்சம் உருகுவேன். அது வியர்வை என்று என் தமக்கை சொன்னது பல வருடங்களுக்குப் பிறகு.

ஐம்பதுகளின் கடைசியில், நான் ஆசிரியப் பயிற்சிக்குப் படித்துக்கொண்டிருந்த காலம். ஓர் ஆவணி விடுமுறையில் என்னையும் என் நண்பன் தேவராசனையும் கண்டாவளைப் பக்கம் இருந்த ஓர் அநாதைப் பிள்ளைகள் இல்லத்துக்கு இரண்டு கிழமை ஊழியத்துக்கு அனுப்பினார்கள். வன்னிக்கு வெளிச்சம் கொண்டுபோகிறீர்கள் என்று எங்கள் போதகர் தலையில் கைவைத்து வழியனுப்பினார். ரோச் லைற்றை வீட்டில் மறந்துவிட்டு வந்ததைத் தேவராசன் பளை தாண்டிய பிறகுதான் கண்டுபிடித்தான். என் பெட்டியில் போட்டுக்கொள்ள இரண்டு வெள்ளைச் சேட்டும், வேதாகமமும், ஞாயிறு பள்ளிப் படச் சீட்டு ஒரு கட்டும், ‘ஊழிய அனுபவங்கள்’ என்று நானே கொட்டை எழுத்தில் தலைப்பிட்ட ஒரு கொப்பியும் இருந்தன.

இல்லம் என்பது இரண்டு மண்வீடு, சமைக்க ஒரு குசினி, ஒரு கிணறு, நான்கு பக்கமும் திறந்த, தென்னோலைக் கிடுகு வேய்ந்த ஒரு கொட்டில். கொட்டிலுக்குப் பின்னால் பத்தடியில் காடு. நடத்தியவர் அன்னம்மா ரீச்சர், ஐம்பது வயது மதிக்கத்தக்க கைம்பெண். என் வெள்ளைச் சேட்டை மேலும் கீழும் பார்த்துவிட்டு, “தம்பிமாருக்குத் தண்ணி அள்ளத் தெரியுமோ?” என்று கேட்டா.

“ஜெபக்கூட்டம் எத்தனை மணிக்கு ரீச்சர்?” என்று நான் கேட்டேன்.

“தொட்டி நிரம்பினாப் பிறகு.”

தொட்டி நிரம்ப ஒன்றரை மணித்தியாலம் எடுத்தது. பிறகு நடந்த ஜெபத்தில் பிள்ளைகள் அரைக் கண்ணால் அணிலைப் பார்த்துக்கொண்டிருந்ததைக் கவனித்தேன். அடுத்த நாளே ஒரு சட்டம் போட்டேன். ஜெபம் முடியும் வரை கண் திறக்கக் கூடாது, வாயும் திறக்கக் கூடாது. ஒழுங்காக இருப்பவர்களுக்கு ஒரு படச் சீட்டு. மீறினால் சீட்டு இல்லை, ஆண்டவருக்கும் மனவருத்தம். மூன்று நாளில் இருபத்திமூன்று பேரும் கல்லுப் போல இருக்கப் பழகிவிட்டார்கள். ஆவியானவர் கிரியை செய்கிறார் என்று கொப்பியில் எழுதினேன்.

அந்தப் பிள்ளைகளில் ஒருத்தி புஷ்பம். ஏழு வயது. தகப்பன் முன்பே இல்லை. தாய் காய்ச்சலில் போய் மூன்று மாதம். புதுக்குடியிருப்பில் இருந்து மாமன் ஒருவர் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போயிருந்தார். “வந்த நாள் துவக்கம் அது ஒரு சொட்டுக் கண்ணீர் விடேல்லைத் தம்பி. அழுற பிள்ளையை நான் சமாளிப்பன். இதுதான் எனக்குப் பயம்” என்று ரீச்சர் ஒருநாள் சொன்னா. நான் அதைப் பெரிதாக எடுக்கவில்லை. நல்ல அமைதியான பிள்ளை என்று நினைத்தேன்.

ஒரு பின்னேரம் நான் தண்ணீர் அள்ளும்போது புஷ்பம் கிணற்றடிக்கு வந்து நின்றாள்.

“அண்ணை, அம்மா எங்கை?”

நான் வாளியைக்கூட வைக்கவில்லை. “ஆண்டவர் எடுத்துக்கொண்டார் பிள்ளை. தனக்குப் பிரியமானதை அவர் எடுத்துக்கொள்ளுவார். நாங்கள் முறுமுறுக்கக் கூடாது” என்றேன். பெரியவர்கள் செத்தவீடுகளில் சொல்லக் கேட்டு எனக்குப் பாடமாகியிருந்தது. அவள் கொஞ்சம் யோசித்துவிட்டு, “ஓம்” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். ‘இன்று ஒரு குழந்தைக்கு ஆறுதல் கொடுக்கப்பட்டது’ என்று அன்றைக்குக் கொப்பியில் எழுதினேன். அந்த வரியை இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு உடம்பு கூசுகிறது.

அடுத்த சனிக்கிழமை மத்தியானம் கந்தையா அண்ணை வண்டிலில் வந்தார். தீவகத்தில் இருந்து வந்து குடியேற்றத் திட்டத்தில் காணி பெற்றுக் கமம் செய்யும் சைவக்காரர். அவருடைய மகன் பாம்புக் கடியில் இருந்து பிழைத்திருந்தான். பிழைத்தால் தாய் தகப்பன் இல்லாத பிள்ளைகளுக்குச் சாப்பாடு கொடுப்பதாகப் பிள்ளையாருக்கு நேர்த்தி வைத்திருந்தாராம். ஒரு பெரிய பானை நிறையச் சர்க்கரைப் புக்கை (பொங்கலை எங்கள் பக்கம் புக்கை என்போம்), ஒரு கடகம் உழுந்து வடை, ஒரு குலை கதலி வாழைப்பழம். நெய் மணம் வாசல் படலையடியில் இருந்தே வந்தது. தினமும் குரக்கன் கூழும் சம்பலும் சாப்பிட்ட பிள்ளைகள் சொல்லாமலே வரிசையாகக் கொட்டிலில் போய் இருந்தார்கள். தேவராசனும் போய் இருந்தான்.

எனக்குத்தான் மனச்சாட்சி குத்தியது. பிள்ளையார் நேர்த்தி! அப்படியானால் விக்கிரகத்துக்குப் படைத்ததாக இருக்குமே! தேவராசனைக் கூப்பிட்டுக் காதுக்குள் கேட்டேன்.

“மச்சான், இது படைச்சதோ தெரியாது. பிள்ளையளுக்குக் குடுக்கலாமோ?”

“நெய் மணக்குது மச்சான். அதுக்கு மேலை நான் யோசிக்கேல்லை.”

வேண்டாம் என்று சொல்ல எனக்குத் துணிவு இல்லை. அப்படியே கொடுக்கவும் மனம் இல்லை. ஆகவே, சாதாரணமாகச் சொல்லும் இரண்டு வரி ஜெபத்துக்குப் பதிலாக, பானையைச் சுத்திகரிக்கும் அளவுக்கு ஒரு ஜெபத்தைப் பண்ணிவிடுவது என்று தீர்மானித்தேன். தாமரை இலைகளில் வடையும் பழமும் வைத்தாயிற்று. புக்கைப் பானையும் மிச்சக் குலையும் பின்வரிசைக்குப் பின்னால், காட்டுப் பக்கம். ரீச்சர் தண்ணீர் எடுக்கக் குசினிக்குப் போயிருந்தா. “ஜெபிப்போமாக” என்றேன். இருபத்திமூன்று சோடிக் கண்களும் மூடின. கந்தையா அண்ணையும் தோளில் கிடந்த சால்வையை எடுத்து இடுப்பில் கட்டி, கைகூப்பிக் கண்ணை மூடினார்.

உலக சிருஷ்டிப்பில் தொடங்கினேன். மழை, குளம், நெல், கரும்பு, பசு, நெய் என்று ஒவ்வொன்றாக வந்தேன். எல்லாம் உம்முடையவை, நீரே தருகிறவர் என்று ஐந்தாறு தடவை சொன்னேன். சுத்திகரிக்கும் இடத்தைக் கந்தையா அண்ணையின் மனம் நோகாமல் சொல்ல வேண்டியிருந்ததால் அதைச் சுற்றிச் சுற்றியே வந்தேன். பின்வரிசையில் ஏதோ மூக்கு உறிஞ்சுவது போலக் கேட்டது. பிள்ளைகள் உருகுகிறார்கள் என்று குரலை உயர்த்தினேன். மெல்ல மெல்ல ஓலை சரசரத்தது. பரலோகக் காற்று என்று நினைத்தேன். (கடவுளே, உண்மையாகவே அப்படித்தான் நினைத்தேன்.)

அந்த ஜெபத்துக்கு ஆமென் சொன்னது ரீச்சரின் ஈர்க்கு விளக்குமாறு. “ஐயோ குரங்கு! அடியுங்கோ!” என்று கத்திக்கொண்டு அவா ஓடிவரக் கண்ணைத் திறந்தேன். கொட்டில் முழுக்கக் குரங்கு. பதினைந்து, இருபது இருக்கும். ஒன்று வாழைக்குலையைக் காட்டுக்குள் இழுத்துக்கொண்டு போகிறது. ஒன்று என் வேதாகமத்துக்கு மேல் குந்தியிருந்து வடை சாப்பிடுகிறது. ஒரு கடுவன் குரங்கு சூட்டுப் புக்கைக்குள் கையை விட்டுவிட்டு வீரிட்டுத் துள்ள, பானை உருண்டு மண்ணில் கொட்டியது. பிள்ளைகளின் இலைகளில் ஒன்றும் இல்லை. இத்தனைக்கும் பின்வரிசையில் இருந்த பிள்ளைகள் கண்ணை மூடிக் கைகூப்பியபடியே இருந்தார்கள். நான் ஆமென் சொல்லவில்லை அல்லவா!

“என்ன தம்பி, இவ்வளவு நேரமும் என்ன செபம்?” என்று ரீச்சர் மூச்சு வாங்கக் கேட்டா.

தேவராசன் என்னை ஒரு நொடியில் காட்டிக்கொடுத்தான். “பிள்ளையாருக்குப் படைச்சதெண்டு சுத்திகரிச்சவன் ரீச்சர்.”

கந்தையா அண்ணையின் முகம் சுண்டிப்போனது. “கோயிலுக்கு வேறை பொங்கினது தம்பி” என்றார். “இது பிள்ளையளுக்கெண்டே பொங்கினது. என்ரை மோன்கூட வாயிலை வைக்கேல்லை.” பிறகு குனிந்து வெறும் பானையை எடுத்து வண்டிலில் வைத்தார். நான் மன்னிப்புக் கேட்டேனா என்று எனக்கு ஞாபகம் இல்லை. கேட்டிருக்க மாட்டேன்.

அதோடு வாயை மூடியிருக்கலாம். என் வெட்கத்தை யார் தலையிலாவது இறக்கி வைக்க வேண்டும் போல இருந்தது. பிள்ளைகள் பக்கம் திரும்பி, “ஒருத்தருக்கும் காது கேக்கேல்லையோ? ஒருத்தரும் காணேல்லையோ?” என்று அதட்டினேன்.

புஷ்பம் கையை உயர்த்தினாள். “நான் கண்டனான் அண்ணை.”

“கண்டனியோ? அப்ப ஏன் சத்தம் போடேல்லை?”

“ஆண்டவர் எடுக்கிறார் எண்டு நினைச்சன்.”

தேவராசன் சிரித்துவிட்டான். அவள் சிரிக்கவில்லை. “எல்லாம் அவருடையது எண்டு சொன்னீங்கள். தனக்குப் பிரியமானதை எடுப்பார் எண்டும் சொன்னனீங்கள். அம்மாவை எடுக்கேக்கையும் நான் சத்தம் போடேல்லை அண்ணை.”

தேவராசனின் சிரிப்பு நின்றது. ரீச்சர் விளக்குமாற்றைக் கீழே போட்டா.

அன்றைக்குப் பிள்ளைகள் பின்னேரம் வரை பசியோடு இருந்து உப்புக் கஞ்சி குடித்தார்கள். “ஆண்டவரே, நன்றி, பிள்ளையள் பசியோடை இருக்கினம்” என்று ரீச்சர் ஜெபித்தா. அவ்வளவுதான். இரவு ஜெபத்துக்கு என்னைக் கூப்பிட்டபோது எழுந்து நின்றேன், வாயில் ஒன்றும் வரவில்லை. அடுத்த நாளும் வரவில்லை. என் விசுவாசம் எல்லாம் வாயிலேதான் இருந்திருக்கிறது, வாய் கட்டிப்போனதும் தேடிப் பார்த்தால் வேறு எங்கும் காணவில்லை. ஊழியத்துக்கு வந்த இடத்தில் ஆண்டவர் இருக்கிறாரா என்ற கேள்வியோடு தண்ணீர் அள்ளினேன். தொட்டி மட்டும் நேரத்துக்கு நிரம்பியது.

மூன்றாம் நாள் ரீச்சரிடம் போய், “நான் வீட்டை போகப்போறன் ரீச்சர்” என்றேன்.

“போம். ஆனால் அந்தப் பிள்ளைக்கு ஒரு மறுமொழி சொல்லிப்போட்டுப் போம். நீர் குடுத்த பாரத்தை என்னாலை இறக்கேலாது.”

அன்று பின்னேரம் புஷ்பத்தைத் தேடிப் போனேன். கிணற்றடியில் அவள் கோப்பை கழுவிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் குந்தினேன்.

“புஷ்பம், புக்கையை ஆண்டவர் எடுக்கேல்லை. குரங்குதான் எடுத்தது.”

“அது தெரியும் அண்ணை.”

“அம்மாவையும் அவர் எடுக்கேல்லை. காய்ச்சல்தான் கொண்டு போனது. நான் உமக்குப் பிழையாச் சொல்லிப்போட்டன்.”

அவள் கோப்பையைக் கவிழ்த்து வைத்தாள். “அப்ப ஆண்டவர் என்ன செய்தவர்?”

“எனக்குத் தெரியாது.” அது உண்மை. “ஆனால் அவருக்கும் கவலையாத்தான் இருந்திருக்கும்.”

அவள் அடுத்த கோப்பையை எடுத்துக் கழுவினாள். பிறகு, ஏதோ வெளியே போக உத்தரவு கேட்பது போல, “அப்ப நான் இனிச் சத்தம் போடலாமோ?” என்று கேட்டாள்.

“ஓம். போடும்.”

அவள் “அம்மா” என்று கத்தினாள். எத்தனை தடவை என்று எனக்குத் தெரியாது. கழுவிய கோப்பைகளுக்கு நடுவில் விழுந்து கிடந்து கத்தினாள். ரீச்சர் குசினியில் இருந்து ஓடிவந்து அவளைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டா. “அழு மேனை, அழு” என்பதைத் தவிர அவா வேறு ஒன்றும் சொல்லவில்லை. நானும் அழுதேன். அதற்குள் ஜெபம் ஏதும் இருந்ததா என்று கேட்டால், இருந்தது என்றுதான் நினைக்கிறேன். அந்த முறை நான் வீட்டுக்குப் போகவில்லை. மிச்ச நாட்களும் தண்ணீர் அள்ளினேன். ஒருநாள் கந்தையா அண்ணையின் வயலுக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். அவர் இளநீர் வெட்டித் தந்தார்.

ஊருக்கு நாங்கள் வந்து சேர முன்னமே குரங்குக் கதை வந்து சேர்ந்துவிட்டது. உபயம்: தேவராசனின் கடிதம். என் கலியாணத்தில்கூட அவன் எழும்பி நின்று அதை நடித்துக் காட்டினான். எங்கள் வீட்டில் இன்றைக்கும் நான் சாப்பாட்டுக்கு ஜெபம் பண்ண எழும்பினால், “அப்பப்பா செபிக்கப் போறார், வடையைப் பிடியுங்கோ!” என்று பேரப்பிள்ளைகள் கத்துவார்கள். ஒரு வரியில் முடித்துவிட்டு நானும் சிரிப்பேன். ஆனால் குரங்கைக் கண்ட பிள்ளை ஏன் வாய் திறக்கவில்லை என்று யாராவது கேட்டால், “பாவம், குரங்குக்குப் பயம்” என்று சொல்லிவிடுவேன். வீட்டில் என் மனைவிக்கு மட்டும் முழுவதும் தெரியும். கதை அந்த இடத்துக்கு வந்தால் அவா எழும்பிக் குசினிப் பக்கம் போய்விடுவா.

போன நத்தார்ப் பண்டிகைக்கும் கதை சொல்லப்பட்டது, எல்லோரும் வயிறு நோகச் சிரித்தார்கள். என் கடைசிப் பேத்தி மட்டும் சிரிக்காமல் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கும் ஏழு வயது.

“அப்பப்பா, பயமெண்டால் சத்தம் போடுவினம்தானே?”

“சாப்பிடு பிள்ளை, ஆறுது” என்றேன். சாப்பாடு ஆறவில்லை. அவளுக்கு இன்னும் மறுமொழி சொல்லவில்லை.