தாணு ஆசானின் பேய்க்கண்ணாடி

பாறசாலையை ஒட்டிய அந்தக் கிராமத்தில் ஞாயிற்றுக்கிழமை ஆனால் ஆட்டோக்கள் வரிசைகட்டி நிற்கும். குளத்தூரிலிருந்து வருவார்கள், கள்ளிக்காட்டிலிருந்தும் வருவார்கள். கோயிலில் தொழுதுவிட்டு வருகிறவர்கள் உண்டு. ஆராதனை முடிந்து கையில் பைபிளோடு வருகிறவர்களும் உண்டு. ஏமாறுவதில் மட்டும் நம் ஆட்களுக்கு மதபேதமே கிடையாது! எல்லோருக்கும் பேயோட்டும் தாணு ஆசானின் பேய்க்கண்ணாடிதான் வேண்டும்.

முகத்தை மூடும் ஒரு கறுப்புக் கண்ணாடியை மாட்டிவிட்டு, தரையில் கிடக்கும் பலகைமேல் நடக்கச் சொல்வார் ஆசான். கண்ணாடிக்குள்ளோ, பலகைக்குக் கீழே அடிகாணாத பாதாளம் தெரியும். கால் நடுங்கினால் உடம்பில் பேய் உண்டு. நடுங்காதவர் இதுவரை ஒருவரும் இல்லை. பேயை ஓட்ட வளையலோ செயினோ கழற்றிக் கொடுக்க வேண்டும். பேய்களுக்குத் தங்கம் என்றால் உயிராம்!

பங்கஜாட்சி, தன் மகன் அனூப்புக்கு நிச்சயித்த அம்பிளியை அங்கே கூட்டி வந்தாள். கல்யாணத்துக்கு முன் ஒரு பரிசோதனை. அம்பிளி ஓரடி வைத்தாள். அலறிக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

"கொடிய பேயாக்கும்," என்றார் ஆசான்.

"பேயுள்ள பெண்ணு நம்ம வீட்டுக்கு வேண்டாம்," என்றாள் பங்கஜாட்சி. அனூப் வாயைத் திறக்கவில்லை. அம்பிளிக்கு அழுகை முட்டியது.

துணைக்கு வந்த அவள் தோழி ஷிஜா, திருவனந்தபுரத்தில் உளவியல் ஆராய்ச்சி செய்கிறவள். அவள் முன்னால் வந்தாள்.

"ஆசானே, இல்லாததைக் கண்ணுக்குக் காட்டுற இந்த விஆர் கண்ணாடி எங்க காலேஜிலயும் உண்டு. பயத்தைப் படிக்கதுக்கு இதே மாதிரி பலகையிலதான் ஆளுகளை நடத்துவோம். சம்மதம் கேட்டுட்டுத்தான் மாட்டுவோம். கீழ தரைதான்னு தெரிஞ்சாலும் கண்ணு குழியைப் பாத்தா காலு நடுங்கும். அவங்களுக்கு நாங்க சாயா குடுப்போம், வளையலு கேக்க மாட்டோம்."

"எலே, இவளுக்கும் பேய் உண்டு!"

"இருக்கட்டும். பேயில்லாத ஆளு நீங்கதானே? மாட்டிட்டு நடங்க, பாப்போம்."

"நான் மாட்டினா பேயெல்லாம் கருகிப்போவும்!"

"கருகட்டும் ஆசானே, அதுக்குத்தானே வந்தோம்?" என்றார் கூட்டத்தில் நின்ற ராஜையா. அவர் மனைவியின் செயின் ஏற்கெனவே ஆசானின் பெட்டிக்குள் போயிருந்தது.

கூட்டம் சிரித்தது. வேறு வழியில்லாமல் ஆசான் மாட்டினார். ஓரடி வைத்தார். கைகள் காற்றைத் துழாவின.

"அய்யோ, விழப்போறேன்! பிடியுங்கடே!"

பேய்களை நடுங்கவைத்த மகான், சமதரையில் குப்புறப் படுத்து ராஜையாவின் காலைக் கட்டிக்கொண்டார். கண்ணாடியை உருவி எடுத்த பிறகும் காலை விடவில்லை. அதற்குள் பெண்கள் பெட்டியைத் திறந்து தங்கள் நகைகளைப் பொறுக்கத் தொடங்கியிருந்தார்கள்.

ஒருவர் மட்டும் கவலையோடு ஷிஜாவிடம் வந்தார். "மக்கா, ஆசானுக்கே பேய் பிடிச்சாச்சே, இனி யாருட்ட போறது?" ஷிஜா தலையில் கைவைத்துக்கொண்டாள்.

பங்கஜாட்சி குழைந்தாள். "மோளே, அம்மை சொன்னதை மனசுல வைக்காத. கல்யாணத்துக்கு நாள் குறிப்போமா?"

அம்பிளி கண்ணைத் துடைத்தாள். இன்னும் பேசாமல் நின்ற அனூப்பை ஒருமுறை பார்த்தாள்.

"நான் யோசிக்கணும்."

அத்தனை கூட்டத்தில் அந்தச் சொல்லைச் சொன்ன ஒரே ஆள் அவள்தான். நீங்களும் சொல்லிப் பாருங்களேன். கால் ஒன்றும் நடுங்காது.