காத்து அண்ணனும் அம்மாவின் எடையும்

கம்பம் பள்ளத்தாக்கில் எந்தப் புருஷனும் பெண்டாட்டி முகத்தை, காத்து அண்ணன் தன் பிக்கப் வண்டியின் டயரைப் பார்க்கிற மாதிரி பார்த்ததில்லை. அவருக்கு வீட்டில் வைத்த பெயர் ஒன்று இருக்கிறது. எங்கள் ஊர் காமயகவுண்டன்பட்டியில் அது ரேஷன் கார்டுக்கு மட்டும்தான் தெரியும்.

அவரிடம் காற்று அளக்கிற கேஜ் மூன்று உண்டு. மூன்றும் மூன்று கணக்குச் சொல்லும். எதையும் நம்பாமல், கடைசியில் ஸ்பேனரால் டயரைத் தட்டிக் காதைக் கொடுத்துக் கேட்டுத் தலையை ஆட்டுவார். "லோடுக்கு ஒரு காத்து, காலிக்கு ஒரு காத்து. ரெண்டுக்கும் ஒரே காத்துல ஓட்டுறவன் டிரைவரே இல்ல" என்பது அவர் கட்சி.

ஒருமுறை எங்கள் தோட்டத்துத் திராட்சையை ஏற்றிக்கொண்டு குமுளிக்குக் கிளம்பியவர், மலை ஏறாமல் அடிவாரத்து லோயர் கேம்பில் நின்றுவிட்டார். குமுளி வியாபாரி போனில் என்னைக் காய்ச்சி எடுத்தார். நான் இவருக்குப் போட்டேன்.

"ஏண்ணே நிக்கிறீக?"

"டயரு சூடா இருக்கு தம்பி. சூட்டுல காத்துப் பாத்தா கேஜ் பொய் சொல்லும். ஆறட்டும்."

"வெயில்ல வாடிருமேண்ணே!"

"ஈரச் சாக்குப் போத்தியிருக்கேன்ல."

"திராட்சைக்கா?"

"டயருக்கு."

போன வருஷம் அம்மா வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டாள். தேனியில் ஆபரேஷன். வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர், "வண்டி தூக்கிப் போட்டா வச்ச பிளேட் விலகிரும். மறுபடி ஆபரேஷன்தான்" என்று சொல்லி அனுப்பினார். காலை மடக்க முடியாது என்பதால் கார் உதவாது. ஆம்புலன்சுக்கோ அம்மா சம்மதிக்கவில்லை. "அதுல போயி எறங்குனா பொணம் வந்திருச்சுன்னு ஊரே கூடிரும்" என்றாள். வேறு வழியில்லாமல் காத்து அண்ணனைக் கூப்பிட்டேன். மெத்தையோடு வந்தார்.

வந்தவர் உடம்பு எப்படி என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"அத்தை, நீங்க எம்புட்டு கிலோ?"

"ஏலே, நான் என்ன வாழைத்தாரா?"

"சொல்லுங்கத்தை. அதுக்குத் தக்கனதான் காத்த எறக்கணும்."

அம்மா அந்த வலியிலும் வெட்கப்பட்டு, "அம்பது" என்றாள். அண்ணன் அவளை ஏற இறங்கப் பார்த்தார். மனசுக்குள் கொஞ்சம் கூட்டிக்கொண்டு டயர் பக்கம் குத்தவைத்தார். புஸ்... தட்டு. புஸ்... தட்டு. அதோடும் விடவில்லை. "வெறும் வண்டி குதிக்கும். வெயிட்டு வேணும்" என்று, அம்மாவைப் பார்க்க வந்திருந்த சொந்தக்காரர்களில் கனத்த சித்தப்பாக்கள் இரண்டு பேரைப் பொறுக்கி ஏற்றினார். ஒல்லியானவர்களை பஸ்ஸில் வரச் சொல்லிவிட்டார். பிறகு மறுபடியும் டயர், மறுபடியும் தட்டு. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

தேனியிலிருந்து ஊர் வரைக்கும் எங்களை முந்தாத வண்டி கிடையாது. வேகத்தடை வந்தால் இறங்கிப்போய் அதன் உயரத்தைப் பார்த்துவிட்டு வந்து ஏறுவார். வீட்டு வாசலில் நின்றபோது அம்மா அசந்து தூங்கிக்கொண்டிருந்தாள். "எழுப்பாதீக" என்று எஞ்சினை அணைத்தார். மெத்தையில் அசையாமல் அம்மா. இரண்டு பக்கமும் தலை தொங்கிப்போன சித்தப்பாக்கள். வாய் திறக்காமல் கீழே நாங்கள். எதிர்வீட்டுக்காரி பார்த்தாள்.

"ஐயோ மதினி, போயிட்டீகளா!"

அவள் மாரில் அடித்துக்கொண்ட வேகத்தில் தெருவே திரண்டுவிட்டது. அம்மா கண்ணைத் திறந்து, "எவடி அவ? இப்பத்தான கண்ணசந்தேன்" என்று வைதாள்.

பிளேட் இம்மியும் நகரவில்லை. ஆபரேஷனுக்குப் பிறகு மாத்திரை போடாமல் அம்மா தூங்கியது அந்த வண்டியில்தான். அவளை மெத்தையோடு உள்ளே படுக்கவைத்துவிட்டு, அதைச் சொல்லலாம் என்று வெளியே வந்தால் அண்ணன் ஸ்டியரிங்கில் உட்கார்ந்திருந்தார். மறுநாள் தேங்காய் லோடாம், காற்று ஏற்றப் போகணுமாம். இந்த மனுஷன் நல்லா இருக்கணும் என்று நினைத்தபடி, வண்டி தெருமுனை திரும்புகிற வரைக்கும் பார்த்துக்கொண்டே நின்றேன்.