உமது ட்ரைவ்வேயை அளந்து அறிவிக்கவும்

பென்டில் ஹில், சிட்னி,
செவ்வாய்க்கிழமை.

அன்புள்ள மச்சான் பரமேஸ்வரனுக்கு,

அத்தான் வரதராஜன் எழுதுவது. இவ்விடம் எல்லோரும் சுகம் என்றுதான் கடிதத்தைத் தொடங்கவேண்டும் என்று பள்ளிக்கூடத்தில் பழக்கினார்கள். நான் பத்தாம் வகுப்போடு நின்ற ஆள், வேறு தொடக்கம் எனக்குத் தெரியாது. ஆனால் அந்த வரியை இந்த முறை எழுதக் கை வரவில்லை. ஆகவே சப்பாத்திலிருந்து தொடங்குகிறேன்.

மூன்று சனிக்கிழமைகளுக்கு முன்னர், பெருந்தெருவோரமாக உள்ள ஒரு வாகன விற்பனை முற்றத்தில், இடது பெருவிரல் வெளியே எட்டிப்பார்க்கும் சொக்ஸோடு முக்கால் மணித்தியாலம் நின்றேன். அங்கே வீட்டு வாகனங்கள் விற்கிறார்கள். கிரெக் என்ற விற்பனைக்காரர், சிவந்த கழுத்தும் நல்ல மனமும் உள்ள மனிதர், ஒரு மோட்டர்ஹோமின் பக்கக் கதவைத் திறந்து உள்ளே போய்ப் பாருங்கள் என்றார். படி இருந்தது. படிக்கு அங்கால் விரிப்பு, குசினி, யன்னல் திரை, கட்டில் எல்லாம் தெரிந்தன. என் கால்கள் என்னைக் கேட்காமலே சப்பாத்தைக் கழற்றிப் படியருகே சோடியாக வைத்துவிட்டன. அறுபத்து மூன்று வருசப் பழக்கம், அவற்றைக் குற்றம் சொல்லி என்ன. நான் குசினி லாச்சிகளை இழுத்துப் பார்த்துக்கொண்டிருக்க, கிரெக் முன்னால் ஏறி எஞ்சினை முடுக்கி, ஒரு சுற்றுப் போய் வருவோம் என்றார். வீடு வெளிக்கிட்டுவிட்டது, சப்பாத்து நின்றுவிட்டது. திரும்பி வந்தால் அந்த இடத்தில் ஒன்றுமில்லை. யாரோ பொறுப்பான மனிதர் எடுத்துக்கொண்டுபோய் அலுவலகத்தில் கொடுத்திருக்கிறார். மண்ணிறச் சப்பாத்து ஒரு சோடியின் சொந்தக்காரர் உடனே வரவும் என்று ஒலிபெருக்கியில் மூன்று தரம் கூப்பிட்டார்கள். முற்றம் நிறையச் சனம், எல்லோரும் எல்லோருடைய கால்களையும் பார்த்தார்கள். நான் பெருவிரலை மடக்கிக்கொண்டு, சொந்தக்காரரைத் தேடும் ஆள் மாதிரி நானும் சுற்றிப் பார்த்தேன். சனம் குறைந்த பிறகுதான் போய் எடுத்தேன்.

வீட்டுக்கு வந்து இதை உம்முடைய அக்காவுக்குச் சொன்னேன். பாலேஸ்வரி சிரித்தாள். சும்மா இல்லை, கட்டிலில் உருண்டு, "ஐயோ, விரல்... விரலை மடக்கினீங்களோ!" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். பிறகு சிரிப்பு இருமலாகி, இருமல் நோவாகி, நான் ஓடிப்போய்க் குளிசை எடுத்துக் கொடுத்து, அரை மணித்தியாலம் முதுகைத் தடவவேண்டியதாயிற்று. நோ அடங்கியதும் அவள் கேட்ட முதல் கேள்வி: "வாற சனியும் போவீங்கள்தானே? கரவனையும் ஒருக்காப் பாருங்கோ."

அவளுக்கு என்ன நோ என்று நீர் கேட்பீர். கேட்பதற்கும் வழியில்லை, என்னுடைய நம்பரை நீர் மறித்து ஏழு வருசம். கடைசியில் தெரியவேண்டியதை இப்போதே எழுதிவிடுகிறேன். போன வருசம் வயிற்றில் ஒரு கட்டி எடுத்தார்கள். எடுத்தது முழுவதும் எடுபடவில்லை, இப்போது ஈரலில் நிற்கிறது. மருந்து ஏற்றியது காணும், இனி வேண்டாம் என்று பங்குனியில் அவளே சொல்லிவிட்டாள். உமக்கு அறிவிக்கவேண்டும் என்று நானும் மகள் தாரகாவும் எத்தனையோ தரம் கெஞ்சினோம். அவள் சம்மதிக்கவில்லை. "வருத்தம் எண்டு சொல்லித் தம்பியைக் கூப்பிடுறது பிச்சை எடுக்கிற மாதிரி. ஒருத்தரும் அவனுக்குச் சொல்லக்கூடாது. நானே போவன். நல்லாப் பவுடர் பூசிக்கொண்டு போவன்." இந்தக் கடிதத்தால் அந்தச் சத்தியத்தை முறித்துவிட்டேன். அதனால்தான் வீட்டில் எழுதாமல் நூலகத்தில் இருந்து எழுதுகிறேன். பக்கத்துக் கதிரையில் ஒரு சீனக் கிழவர் பேப்பருக்கு மேலால் என்னையே பார்க்கிறார். இந்தக் காலத்தில் பேனையால் இவ்வளவு எழுதுகிறவனைப் பார்த்து அவருக்கு என்ன சந்தேகமோ.

போவதென்றால் பிளேனில் ஏறி வந்து உம்முடைய வீட்டுக் கதவைத் தட்டலாமே என்பீர். முடியாது. வெரிபீயில் உம்முடைய புதுவீடு குடிபூரலன்று, "இந்த வாசல்படியை இனி மிதிச்சால் என்ர பேர் பாலேஸ்வரி இல்லை" என்று சொல்லிவிட்டு வந்தவள் அவள். உமக்கு அது கோபத்தில் வந்த வார்த்தை, அவளுக்கு அது சட்டம். ஏழு வருசமாக யோசித்துத் தன் சட்டத்தில் தானே ஓர் ஓட்டையும் கண்டுபிடித்து வைத்திருக்கிறாள். "நான் அவன்ர வீட்டுக்குள்ள போகமாட்டன். என்ர வீட்டைக் கொண்டுபோய் அவன்ர ட்ரைவ்வேயில நிப்பாட்டுவன். அவன்தான் என்ர படியில ஏறவேணும். செருப்பைக் கழட்டிப்போட்டு ஏறவேணும்." மச்சான், இதற்குத்தான் இந்தச் சில்லு வைத்த வீடு. வேறு சனம் கடற்கரை பார்க்க எடுக்கிற சாமானை, நாங்கள் உம்மை ஒரு படி ஏற வைப்பதற்காக எடுக்கப் பார்க்கிறோம்.

இனி விசயம், மோட்டர்ஹோமா கரவனா. மோட்டர்ஹோம் லொறிக்கு முதுகில் வீடு கட்டியது மாதிரி, ஓட்டுகிற இடமும் படுக்கிற இடமும் ஒன்று. கரவன் எஞ்சின் இல்லாத வீடு, காருக்குப் பின்னால் கொழுவி இழுக்கவேண்டும். நான் ஓட, அவள் பின்னால் கட்டிலில் படுத்துக்கொண்டு வரலாமா என்று கிரெக்கிடம் கேட்டேன். இரண்டிலும் கூடாதாம். மோட்டர்ஹோம் என்றால் கதிரையில் பெல்ட் போட்டு இருக்கவேண்டும், கரவன் என்றால் ஓடும்போது உள்ளே ஆளே இருக்கக்கூடாது. உம்மிடம் வரத் தொள்ளாயிரம் கிலோமீற்றர், அவளால் இப்போது ஒரேயடியாய் இருபது நிமிசந்தான் நிமிர்ந்து இருக்கமுடியும். மோட்டர்ஹோமை ஓரம் கட்டினால் கதிரையிலிருந்து கட்டிலுக்கு மூன்று அடி, ரொய்லெற்றுக்கு இரண்டு அடி. கரவன் என்றால் இறங்கி, காற்றுக்குள்ளால் சுற்றி நடந்து, படியேறவேண்டும். ஆகவே நான் மோட்டர்ஹோம் கட்சி.

உம்முடைய அக்கா கரவன் கட்சி. "கரவனைக் கழட்டி அவன்ர வளவில விட்டிடலாம். மோட்டர்ஹோம் எண்டால் பால் வாங்கப் போறதெண்டாலும் வீட்டோட போகவேணும். நான் அங்க ஒரு கிழமை நிப்பன். வதனியின்ர சொதி சாப்பிடாமல் வரமாட்டன்." உம்முடைய மனுசி வைக்கிற தேங்காய்ப்பால் சொதி என்று சொல்லும்போது அவள் முகத்தை நீர் பார்த்திருக்கவேண்டும். இப்போது அவள் சாப்பிடுவது ஒரு நாளைக்கு நாலு கரண்டி கஞ்சி.

அவளுக்காக, இரண்டாவது சனிக்கிழமை கரவனை இழுத்துப் பார்த்தேன். தாரகாவையும் கூட்டிக்கொண்டு போனேன். முன்னுக்குப் போவது சுகம். பின்னுக்கு எடுப்பதுதான் தலையிடி, ஸ்டியரிங்கை இடப்பக்கம் திருப்பினால் கரவன் வலப்பக்கம் போகும். நான் இருபத்தாறு வருசம் பிஸ்கற் தொழிற்சாலையில் போர்க்லிஃப்ட் ஓட்டியவன், அதில் திரும்புகிறது பின்சில்லு, எனக்கா தெரியாது என்று கிரெக்கிடம் நெஞ்சை நிமிர்த்திச் சொன்னேன். அந்த இருபத்தாறு வருசமும் ஒன்றாய்ச் சேர்ந்து கையில் வந்து நின்றன. எந்தப் பக்கம் திருப்பவேண்டும் என்று யோசித்தேனோ அதற்கு எதிர்ப்பக்கம் திருப்பினேன், எதிர்ப்பக்கத்துக்கும் எதிர்ப்பக்கம் எது என்று யோசிக்க, கரவன் மடங்கி வந்து காரின் பக்கக் கண்ணாடிக்குள் எட்டிப் பார்த்தது. பிளாஸ்ரிக் கூம்பு நாலு செத்துப்போயின. தாரகா நெற்றியில் கையை வைத்துக்கொண்டு, "அப்பா, யூ காண்ட் ஈவன் பார்க் த கொரோலா" என்றாள். கிரெக் மாத்திரம், "நொட் பேட், மேட்" என்றார். அந்த மனிதர் சொர்க்கத்துக்குத்தான் போவார்.

அதோடு எனக்கு ஒரு பயமும் வந்துவிட்டது, உமக்கு மறைப்பானேன். நாங்கள் வந்து நிற்கிறோம், நீர் கதவைத் திறக்கவில்லை என்று வையும். மோட்டர்ஹோம் என்றால் அப்படியே எடுத்துக்கொண்டு மரியாதையாகப் போய்விடலாம். கரவன் என்றால் உம்முடைய ட்ரைவ்வேயில் குறுக்காக மடங்கி நின்று, தெருச்சனம் முழுக்க வெளியில் வந்து பார்க்க, ஒரு மணித்தியாலம் றிவேஸ் எடுக்கவேண்டும். அந்த ஒரு மணித்தியாலமும் அவள் உம்முடைய மூடின கதவைப் பார்த்துக்கொண்டு முன் சீற்றில் இருப்பாள்.

மூன்றாவது சனி கிரெக் ஒரு படிவம் எடுத்து, எத்தனை வருசத்துக்குப் பாவிக்க யோசிக்கிறீர்கள், அதைப் பொறுத்துத்தான் எது நல்லது என்று சொல்லலாம் என்று கேட்டார். வாயைத் திறந்தேன், பகிடி ஒன்றும் வரவில்லை. எனக்கு அப்படி நடக்கிறதில்லை. "வன் ட்ரிப்" என்றேன். அவர் படிவத்தை மூடி வைத்துவிட்டு, கடதாசிக் கோப்பையில் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டுவந்து தந்தார். சீனி போட மறந்துவிட்டார், நானும் கேட்கவில்லை.

பகிடி என்றதும் இன்னொன்றையும் எழுதவேண்டியிருக்கிறது. குடிபூரலன்று நீங்கள் பால் காய்ச்சும்போது அக்கா ஏன் சிரித்தாள் என்று வதனி கேட்டாள் அல்லவா. "இந்த வீட்டில பால் காய்ச்சினால் பக்கத்து வீட்டிலதான் பொங்கும், அவ்வளவு நெருக்கம்" என்று அக்கா சொன்னாள், வதனி அழுதாள், நீர் "என்ர வீட்டைப் பழிக்கவே இவ்வளவு தூரம் வந்தனி?" என்று கேட்டீர், அவள் சாப்பிடாமல் வெளிக்கிட்டாள். அந்தப் பகிடி என்னுடையது, பரமேஸ். நான் அவளுடைய காதுக்குள் சொன்னது. அடக்கமுடியாமல் சிரித்தது மட்டுந்தான் அவள் செய்த பிழை. என்னைக் காட்டிக்கொடுக்காமல் தன் வாயில் போட்டுக்கொண்டாள். நான் பக்கத்தில் நின்று வடை தின்றுகொண்டிருந்தேன். இரண்டாவது வடை. ஏழு வருசத்தில் ஒரு நாளும் அவள் அதை எனக்குச் சொல்லிக் காட்டவில்லை.

சரி, அலுவலுக்கு வருகிறேன். இந்த மாத முடிவில் வெளிக்கிட யோசனை. கீழ்க்கண்டவற்றை அளந்து அறிவிக்கவும். ட்ரைவ்வே எத்தனை மீற்றர் அகலம், தபால்பெட்டி இடையில் நிற்கிறதா, நிலம் சரிவா, கராஜ் கூரை தாழ்வா, வாகனத்தின் படியை விரிக்க இடம் இருக்குமா. படி முக்கியம். அகலம் மூன்று மீற்றருக்குக் குறைவென்றால் கரவன் சரிவராது, கூரை தாழ்வென்றால் மோட்டர்ஹோம் சரிவராது. இரண்டும் சரிவராதென்றால் தெருவில் நிற்பாட்டக் கவுன்சில் விடுமா என்றும் விசாரிக்கவும். தாரகாவின் நம்பர் கடித உறையின் பின்னால் இருக்கிறது.

வதனிக்கு என் மன்னிப்பையும் அன்பையும் சொல்லும். மகன் சுஜீதன் இப்போது மீசை வைக்கிற வயதாகியிருப்பான், மாமாவை மறந்திருந்தாலும் மாமி வாய்க்குள் தீத்தின பருப்புச்சோற்றை மறந்திருக்கமாட்டான். உங்கள் வீட்டில் காய்ச்சுகிற பால் எல்லாம் உங்கள் வீட்டிலேயே நிறையப் பொங்கட்டும்.

இப்படிக்கு,
உம்முடைய அத்தான்,
க. வரதராஜன்

பி.கு.: மேலே எழுதியதை எல்லாம் விட்டுவிடும். அளக்கவேண்டாம். எதெண்டாலும் அவரிட்டச் சொல்லுங்கோ, எனக்குச் சொல்லாதேங்கோ என்று அக்கா முதலே டொக்டருக்குச் சொல்லி வைத்திருக்கிறாள். போன வியாழக்கிழமை அவர் என்னை வெளியே கூப்பிட்டு, இனி எந்த வாகனத்திலும் அரை மணித்தியாலத்துக்கு மேல் கொண்டுபோகக்கூடாது என்றார். எவ்வளவு காலம் என்று கேட்டேன். மாதக்கணக்கில் யோசிக்கவேண்டாம், கிழமைக்கணக்கில் யோசியுங்கள் என்றார். மூன்றாம் சனி நான் கிரெக்கிடம் போனது அதற்குப் பிறகு. பயணம் நடவாது என்று கிரெக்குக்கும் தெரியும். தெரிந்துகொண்டே என்னை ஒவ்வொரு வாகனத்தின் படியிலும் சொக்ஸோடு நிற்கவைத்துப் படம் எடுத்துத் தந்தார். அவளுக்குக் காட்டுகிறேன். இதில் கட்டில் உயரம், அதில் யன்னல் சின்னன் என்று ஒவ்வொன்றிலும் ஒரு குறையைக் கண்டுபிடிக்கிறேன். ஒன்றை முடிவெடுத்தால் நாள் குறிக்கவேண்டுமே. அவள் சத்தியம் செய்தது உம்முடைய வாசல்படியைப் பற்றி மட்டுந்தான். எங்களுடைய வாசல்படியைப் பற்றி நீர் எந்தச் சத்தியமும் செய்ததாக எனக்கு ஞாபகம் இல்லை, சிட்னிக்குப் பிளேனும் ஒன்றரை மணித்தியாலந்தான். இன்று காலை நான் நூலகத்துக்கு வரும்போது, கட்டிலில் படுத்தபடியே கேட்டாள்: "இஞ்சேருங்கோ, எப்பதான் வெளிக்கிடுறம்?" வாகனம் முடிவாகட்டும் என்றேன். வெளிக்கிடவேண்டியது நாங்கள் இல்லை என்பதை மட்டும் சொல்லவில்லை.