சோப்பு அக்கா டீ குடிக்கப் போன ஐந்து நிமிஷம்

காவிரித் தண்ணீர் மொத்தத்தையும் திருப்பி விட்டாலும் சோப்பு அக்காவுக்குக் கை கழுவப் போதாது. திருச்சியில் ஒரு ஆஸ்பத்திரியில், பச்சைக் குழந்தைகள் வார்டு ஆயா. நிஜப் பெயரை நான் கேட்டதே இல்லை.

எட்டாம் மாசமே பிறந்துவிட்ட என் மகள் அங்கே கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்தாள். முழங்கை வரை சோப்புப் போடாமல் யாரும் உள்ளே போக முடியாது. பெரிய டாக்டரையே அக்கா மறித்தார்.

"நகத்துல அழுக்கு இருக்கு டாக்டர். போய்க் கழுவிட்டு வாங்க."

ஸ்ரீரங்கத்திலிருந்து தீர்த்தத்தோடு வந்த என் மாமனாருக்கும் அதே கதிதான். "தீர்த்தத்தை நீங்க குடிங்கய்யா. கையைக் காட்டுங்க."

மூன்றாம் நாள் என் சட்டையைக் கழற்றச் சொல்லி, பிள்ளையை என் நெஞ்சில் படுக்கவைத்தார்.

"கிருமி கிருமின்னு கத்துனீங்க, இப்ப?"

"அது ஆஸ்பத்திரிக் கிருமி சார், ஆளைக் கொல்லும். உங்க தோல்ல, அம்மா பால்ல இருக்கறது வீட்டுக் கிருமி. அது முதல்ல குடியேறிட்டா பாப்பாவைக் காவல் காக்கும். நெஞ்சுல முடிதான் ஜாஸ்தி. பரவாயில்ல."

எங்கள் வீட்டில் சேனை என்றொரு மடத்தனம் உண்டு. பிறந்த பிள்ளையின் நாக்கில் யார் சர்க்கரைத் தண்ணீர் தொட்டு வைக்கிறார்களோ, அவர்கள் குணம் பிள்ளைக்கு வருமாம். தாய்ப்பாலைத் தவிர ஒரு சொட்டு போகக் கூடாது என்று அக்கா தடுத்துவிட்டார். எனக்குத் திமிர். என் பிள்ளைக்கு என் குணம்தான் வரவேண்டும். அக்கா டீ குடிக்கப் போன ஐந்து நிமிஷத்தில் உள்ளே நுழைந்து, விரலால் வைத்தேன். கை கழுவவில்லை.

மறுநாள் மகளுக்கு வயிறு உப்பியது. பால் இறங்கவில்லை. ரத்தத்தில் கிருமி என்றார்கள்.

"யாரை உள்ளே விட்ட?" என்று மேனேஜர் கத்தினார்.

"டீ குடிக்கப் போனது என் தப்புங்க" என்றார் அக்கா. வேலையை விட்டு அனுப்பினார்கள். நான் பக்கத்தில்தான் நின்றேன். வாயைத் திறக்கவில்லை, கோழைப் பயல்.

போகும்போது என்னிடம் ஒன்றுதான் கேட்டார். "பாப்பா பால் குடிச்சிச்சா சார்?"

மகள் பிழைத்தாள். உண்மையைச் சொல்லத் துணிய எனக்கு ஒரு வருஷம் ஆனது. ஆஸ்பத்திரி வாட்ச்மேனிடம் விசாரித்து, ஜீயபுரத்தில் அக்கா வீட்டுக்குப் போனேன். சுவரில் மாலை போட்ட படம். அதன் கீழேதான் அவர் பெயரை முதல்முறை படித்தேன்.

மகளுக்கு இப்போது ஐந்து வயசு. நேற்று வேலை முடிந்து வந்த என்னை வாசலிலேயே மறித்தாள்.

"கையைக் காட்டுங்கப்பா. அய்யே, அழுக்கு. கழுவிட்டு வாங்க."

சேனை வைத்தது நான். குணம் அக்காவுடையது.

போய்க் கழுவினேன், முழங்கை வரை.